மகளின் படிப்பும் குரோய்டன் மாடியும்

1

குரோய்டனுக்குப் போய் வந்து ஒரு கிழமைக்கு மேலாகிவிட்டது. இன்னமும் வாசல் கதவின் துவாரத்தால் தபால் விழும் சத்தம் கேட்டால் அடுப்பை நிறுத்திவிட்டு ஓடுகிறேன். பீட்சாக் கடை விளம்பரமாக இருந்தாலும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துத்தான் வைக்கிறேன். இவர் ஓடுவதில்லை. இருந்த இடத்தில் இருந்துகொண்டே, "என்ன, அவங்களோ?" என்று கேட்பார். இல்லை என்றால் பேப்பரை மறுபடி விரிப்பார். ஆனால் பக்கத்தைத் திருப்ப மாட்டார்.

லண்டனில் இருப்பவர்களுக்கு என்ன பயம் என்று ஊரில் இருந்து இதை வாசிப்பவர்கள் நினைக்கக்கூடும். எண்பத்தேழில் நாங்கள் இங்கே வந்தபோது எங்களுக்குக் கிடைத்தது தவணை முறையில் இருக்க அனுமதி. ஒரு தவணை முடிய விண்ணப்பம் போட்டு அடுத்த தவணை வாங்க வேண்டும். இப்போது தொண்ணூறுகளும் பாதி போய்விட்டன. நிரந்தரமாக இருக்க அனுமதி கேட்டு எழுதியிருந்தோம். தெரிந்தவர்களுக்கெல்லாம் அது தபாலிலேயே முடிந்தது. எங்களுக்கு மட்டும், மூன்று பேரும் நேரில் வரும்படி குரோய்டனில் இருக்கும் குடிவரவு அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. ஏன் என்று எழுதவில்லை.

அதே மாதத்தில்தான் மகள் தர்சினியும் பல்கலைக்கழகத்துக்குப் பதில் அனுப்ப வேண்டும். அவளுக்கு இரண்டு இடங்கள் கிடைத்திருந்தன. ஒன்று கணக்கியலுக்கு. மற்றது அரசியல் விஞ்ஞானத்துக்கு. அவள் விரும்பியது எது, நாங்கள் விரும்பியது எது என்று சொல்லத் தேவையில்லை.

2

அரசியல் என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் வந்தது பள்ளிக்கூடத்தில் பெற்றோரைச் சந்திக்கும் நாளன்று. தர்சினிக்கு வரலாறு படிப்பிக்கும் ஆசிரியை அவளை மிகவும் மெச்சினார். அரசியல் படித்தால் பல கதவுகள் திறக்கும் என்றார். நாங்கள் தலையாட்டிவிட்டு வந்தோம். பஸ்ஸில் ஏறி இருந்ததும் இவர் என் பக்கம் திரும்பினார்.

"எந்தக் கதவு எண்டு ஒண்டையாவது சொன்னவவே?"

சொல்லவில்லை. நானும் ஒரு காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெண்கள் பாடசாலை ஒன்றில் கணிதம் படிப்பித்தவள். மாணவியின் பெற்றோருக்கு எதைச் சொல்லி அனுப்புவது என்று தெரியாதபோது நானும் இப்படி ஏதாவது சொல்லியிருக்கிறேன். இப்போது ஓர் ஆரம்பப் பள்ளியில் பிள்ளைகள் மதியச் சாப்பாடு சாப்பிடும் மண்டபத்தில் நின்று, இந்தக் கரட்டையும் சாப்பிடு என்று சொல்வது என் வேலை. வங்கியில் எழுதுவினைஞராக இருந்த இவர் பெற்றோல் நிலையத்தில் காசு வாங்குகிறார். ஆகவே ஒரு படிப்பு என்ன உத்தியோகத்தில் கொண்டுபோய் விடும் என்று கேட்பது எங்களுக்குப் பேராசையாகத் தெரியவில்லை. படித்த படிப்பு கடல் தாண்டி வரவில்லை என்பதை நாங்கள் இருவரும் உடம்பால் அறிந்தவர்கள்.

நாங்கள் இருக்கும் வெம்பிளியில் எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் வந்தால் முதலில் கோயிலுக்குப் போவோம். அடுத்தது அருளம்பலம் அண்ணை வீட்டுக்கு. எங்கள் கடைக்காரர்களுக்கெல்லாம் வரிக்கணக்குப் பார்ப்பவர் அவர். கவுன்சில், வீட்டுக்கடன், விசா எதைப் பற்றியும் அவரைக் கேட்காமல் ஒருவரும் கையெழுத்து வைப்பதில்லை. தர்சினியையும் கூட்டிக்கொண்டு போனோம்.

"என்ன பிள்ளை, பொலிட்டிக்ஸ் படிச்சுப்போட்டு ஊருக்குப் போய் எலெக்‌ஷன் கேக்கப் போறியோ?"

"இல்லை அங்கிள், இஞ்சையே கேக்கலாம் எண்டு யோசிக்கிறன். நீங்கள் எனக்கு வோட் போடுவீங்களோ?"

"போட்டால் என்ரை ஆக்களுக்கு வரியைக் குறைப்பியோ?"

"குறைச்சால் உங்களுக்கு வேலை இல்லாமல் போயிடும், அங்கிள்."

அண்ணை குலுங்கிச் சிரித்தார். அவருடைய மனைவி தேத்தண்ணியோடு வந்து, என்ன பகிடி என்று கேட்டார். ஆனால் தர்சினி அவருடைய மகளோடு மேல்மாடிக்குப் போனதும் அண்ணையின் முகம் மாறிவிட்டது.

"தம்பி, நான் சொல்லுறனெண்டு கோவிக்காதையும். ரெண்டு படிப்புக்கும் ஒரே அளவு வருஷம்தான். இப்ப பிள்ளையளே சாப்பாட்டுக்கும் இருக்கிறதுக்கும் கடன் எடுத்துப் படிக்கிற காலம் வந்திட்டுது. ரெண்டுக்கும் ஒரே கடன்தான். கணக்குப் படிச்சால் நாளைக்கு என்ரை ஒஃபிசிலையே ஒரு கதிரை போடுவன். அரசியல் படிச்சால் ஆர் கதிரை போடுறது? முடிச்சுப்போட்டு டைப் அடிக்கத்தான் போகவேணும்."

"அதைத்தான் அண்ணை நானும் சொல்லுறன்" என்றார் இவர்.

"அதுவும் உங்கடை விசாப் பேப்பர் சரிவந்தால்தான் கவுன்சில் படிப்புக் காசைக் கட்டும். வராட்டில் வெளிநாட்டுப் பிள்ளையெண்டு கணக்கு. அந்தக் காசுக்கு வீட்டை விக்கவேணும். நீங்கள் இருக்கிறது வாடகை வீடு. எதை விக்கிறது?" கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தாழ்த்தினார். "குரோய்டனிலை அந்தச் சொல்லையே எடுக்காதேங்கோ. பொலிட்டிக்ஸ் எண்டு அங்கை ஒருத்தரும் சொல்லவேண்டாம்."

திரும்பி வரும்போது இவர் எங்கள் இருவருக்கும் முன்னால் வேகமாக நடந்தார். அண்ணை கடைசியாகச் சொன்னதுதான் அவருக்குள் இறங்கியிருந்தது என்று எனக்குத் தெரியும்.

3

அது ஏன் இறங்கியது என்பதையும் சொல்ல வேண்டும்.

இவருடைய தம்பி சிறீ எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. அவன் படித்தது அரசியல் விஞ்ஞானம். அப்போது அது மற்றப் பாடங்களைப் போல ஒரு பாடம், அவ்வளவுதான். படித்து முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் பகுதியில் இராணுவம் வீடு வீடாகத் தேடத் தொடங்கியது. அடுத்த ஒழுங்கையில் ஒரு வீட்டில் புத்தகங்களைப் பார்த்துவிட்டு ஒரு பையனைக் கொண்டு போனார்கள் என்று கேள்விப்பட்டதும் நானும் மாமியும் சிறீயின் அலுமாரியைக் காலி செய்து அடுப்பில் போட்டோம். தாள் எரிந்தது. தடித்த அட்டைகள் லேசில் எரியவில்லை. அவற்றில் தலைவர்களின் படங்கள் வேறு. கரண்டியால் குத்திக் குத்தி எரித்தோம். சின்னப் பிள்ளையாக இருந்த தர்சினி என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஆனாலும் சிறீயைக் கொண்டு போனார்கள். என்ன படித்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். அவன் உள்ளதைச் சொல்லியிருக்கிறான். வெகுகாலம் கழித்துத் திரும்பி வந்தான். இப்போது கொழும்பில் ஓர் இரும்புக் கடையில் ஆணி நிறுத்துக் கொடுக்கிறான். அந்தப் பட்டத்தைப் பற்றி அவனை ஒருவரும் கேட்பதில்லை. அவனும் சொல்வதில்லை.

இங்கே வந்து அகதி என்று தஞ்சம் கேட்டபோது விசாரித்த அதிகாரி இவரிடம் அரசியல் ஈடுபாடு உண்டா என்று கேட்டார். எனக்கோ என் குடும்பத்தில் எவருக்கோ அரசியலில் எந்தத் தொடர்பும் இல்லை என்றார் இவர். அது பொய் அல்ல. தம்பி படித்தான், அவ்வளவுதான். ஆனால் அந்த வசனம் எங்கள் கோப்பில் ஏறிவிட்டது. எங்களைப் போல வந்தவர்களுக்கு இங்கே ஒரு விதி இருக்கிறது. அதை எந்தச் சட்டப் புத்தகத்திலும் பார்க்க முடியாது. ஒருமுறை சொன்னதை எந்தக் காலத்திலும் மாற்றிச் சொல்லக்கூடாது. பிறந்த திகதியைத் தவறாகச் சொல்லிவிட்டு அந்தத் திகதியிலேயே பிறந்தநாள் கொண்டாடுகிறவர்களை எனக்குத் தெரியும்.

இதெல்லாம் தர்சினிக்குத் தெரியும். சித்தப்பாவைப் பற்றி நான் சொல்லியிருக்கிறேன். ஒருநாள் சமையலறையில் வைத்துக் கேட்டேன், உலகத்தில் வேறு பாடமே இல்லையா என்று.

"அம்மா, சின்ன வயசிலை இருந்து எத்தினை பேருக்கு நான் ட்ரான்ஸ்லேட் பண்ணியிருக்கிறன்? கவுன்சில், ஹொஸ்பிட்டல், வீடு குடுக்கிற ஒஃபிஸ். எல்லா இடத்திலையும் 'தட்ஸ் த ரூல்' எண்டு சொல்லுவினம். நானும் தமிழிலை 'அதுதான் விதி' எண்டு சொல்லுவன். அந்த அன்ரிமார் என்னைத்தான் கோபமாய்ப் பார்ப்பினம். அந்த ரூலை ஆர் எழுதினது எண்டு எனக்குத் தெரியவேணும்."

"தெரிஞ்சு என்ன செய்யப் போறாய்?"

"அதைத் தெரிஞ்ச பிறகுதானே யோசிக்கலாம்."

அவளுடைய தமிழ் இப்போதெல்லாம் ஆங்கிலத்தின் மேல் போட்ட சால்வை மாதிரி. எப்போது நழுவும் என்று தெரியாது. ஆனால் அன்றைக்கு அவள் சொன்னது முழுவதும் எனக்கு விளங்கியது. விளங்கியதால்தான் பயம் கூடியது.

4

குரோய்டனில் அந்தக் கட்டடத்தைச் சுற்றி எப்போதும் காற்று. வரிசையில் நிற்பவர்கள் கடிதங்களை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பார்கள். நாங்களும் நின்றோம். இவர் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டிருந்தார். உள்ளே போகும் முன் மூன்று விஷயங்கள் சொன்னார். கேட்டதுக்கு மட்டும் பதில். சிரிக்க வேண்டாம். ஒருவர் சொன்னதை மற்றவர் திருத்த வேண்டாம்.

நான் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டிருந்தேன். ஆங்கிலம் எனக்குத் தெரியும். ஆனால் விண்ணப்பம் எழுதித் தந்த எங்கள் வழக்கறிஞர் எல்லோருக்கும் சொல்லும் புத்தி இது: கேள்வி விளங்கினாலும் மொழிபெயர்த்து வரும்வரை காத்திருங்கள், யோசிக்க நேரம் கிடைக்கும். அதனால் அந்த அறையில் நான் ஒன்றும் விளங்காதவள் போல மேசை விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பேர், என் கணவர் பேர், எங்கள் விலாசம் எல்லாவற்றையும் ஓர் இளம் மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னபிறகு தமிழில் பதில் சொன்னேன்.

அதிகாரிக்கு எங்கள் வயது இருக்கும். கோட்டுக்குள்ளே கம்பளிச் சட்டை. கடுமையான ஆள் அல்ல. கோப்பில் ஒரு திகதி தெளிவில்லாமல் இருந்ததாம். அதற்குத்தான் கூப்பிட்டாராம். அதைத் திருத்திக்கொண்டார். அவ்வளவுக்குத்தானா இத்தனை நாள் சாப்பிடாமல் கிடந்தோம் என்று நினைத்தேன். பக்கத்து அறையில் தேவை என்று மொழிபெயர்ப்பாளரை யாரோ வந்து கூப்பிட, அவர் அனுமதி கேட்டுப் போனார். அதிகாரி கோப்பை மூடும்போது தர்சினியைப் பார்த்துச் சிரித்து, அடுத்தது என்ன படிக்கப் போகிறாள் என்று பொதுவாகக் கேட்டார்.

"அக்கவுண்டன்சி, சேர்" என்றார் இவர்.

"பொலிட்டிக்ஸ்" என்றாள் தர்சினி.

இரண்டும் ஒன்றாக வந்து மேசையில் விழுந்தன. அதிகாரியின் கை கோப்பின் மேல் நின்றது. இவரைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு ஆங்கிலம் தெரியாது என்று நினைத்துத் தர்சினியிடம் சொன்னார், உன் அம்மாவைக் கேள் என்று. முகத்தில் சிரிப்பு இருந்தது. ஆனால் இவருக்கு அந்தச் சிரிப்பு தெரியவில்லை. எட்டு வருஷத்துக்கு முன் சொன்ன வசனம் தெரிந்தது. இனி எங்கள் கோப்பில் தகப்பன் சொன்னது ஒன்று, மகள் சொன்னது வேறொன்று. மூன்றாவது ஆள் நான்.

"கணக்கெண்டு சொல்லும்" என்றார் இவர், உதடு அசையாமல்.

தர்சினி என் பக்கம் திரும்பினாள். அவள் எத்தனையோ பேருக்குச் செய்த வேலைதான். ஆனால் எனக்கு அவள் மொழிபெயர்த்தது அன்றைக்குத்தான் முதல்தடவை. "அம்மா, நான் என்ன படிக்கப் போறன் எண்டு இவர் கேக்கிறார்" என்றாள். பிறகு கேள்வியில் இல்லாத ஒன்றையும் சேர்த்தாள். "எனக்காகச் சொல்லவேண்டாம். உள்ளதைச் சொல்லுங்கோ."

"வட் டிட் யுவர் ஃபாதர் சே?" என்று, இவர் உதட்டுக்குள் சொன்னதைப் பற்றிக் கேட்டார் அதிகாரி.

அவள் என்ன சொல்வாள்? கணக்கென்று சொல்லச் சொன்னார் என்றால், அப்பாவின் பொய் கையும் களவுமாகப் பிடிபட்டுவிடும். ஒன்றும் சொல்லவில்லை என்றால், அவளும் பொய்க்காரி. தர்சினி யோசிக்கக்கூட இல்லை. அப்பாவுக்கு நான் கணக்கியல் படித்தால் விருப்பம், அதையே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பிறகு அப்பாவின் கையைத் தொட்டாள்.

அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். நான் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பொய்யைப் பொய்யென்று சொல்லாமலும் தானும் பொய் சொல்லாமலும் பதில் சொல்ல இந்தப் பிள்ளை எங்கே படித்தாள்?

"அண்ட் மம்?" என்று என் பக்கம் திரும்பினார் அதிகாரி.

"அரசியல்" என்றேன். அந்தச் சொல்லை நான் சத்தமாகச் சொன்னது பல வருஷங்களுக்குப் பிறகு. அடுப்பில் குத்திக் குத்தி எரித்த அட்டைகள் நினைவுக்கு வந்தன. சொன்ன உடனேயே திரும்ப எடுத்துவிட வேண்டும் போல இருந்தது. நான் சொன்னதைத் தர்சினி ஆங்கிலத்தில் சொன்னதும் அவர் பேனையை எடுத்து ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று தெரியாது. பார்க்கும் துணிச்சல் எனக்கு இருக்கவில்லை.

அதிகாரி எழுந்து கதவைத் திறந்துவிடும்போது, "பயப்படாதீர்கள்" என்று இவரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். "இந்த மாடியில் பாதிப்பேர் அதைத்தான் படித்தவர்கள். நானும்தான்."

5

ரெயில் குரோய்டனை விட்டு வெகுதூரம் வந்துவிட்டது. பிறகு இவர் கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப அது அரசாங்க உத்தியோகம்தானே?"

"எது?" என்றேன்.

"அந்தாள் பாக்கிற வேலை. பென்சன் எல்லாம் இருக்குமெல்லே?"

யாழ்ப்பாணத்து ஆண்பிள்ளைக்கு அரசாங்க உத்தியோகம் என்ற இரண்டு சொல் காதில் விழுந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. காலையில் இருந்து செத்துக்கிடந்த முகத்தில் இரத்தம் ஏறத் தொடங்கியது.

"அப்பா! நான் அங்கை வேலை செய்யமாட்டன்" என்றாள் தர்சினி. "நோ வே."

"ஏன், அந்தாள் நல்ல மனிசன்தானே? கோட்டும் போட்டுக்கொண்டு வந்திருந்தார்."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ, அப்பா."

அவர் சிரித்துவிட்டார். மகள் தன் சொல்லைத் தனக்கே திருப்பிவிட்டதில் அவருக்குக் கொஞ்சம் பெருமை கூட. வெம்பிளிக்கு வந்து இறங்கும்போது இவருடைய மனம் மாறிவிட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அன்று பின்னேரமே அருளம்பலம் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தார். "அண்ணை, அந்தப் படிப்புக்கு அரசாங்கத்திலை நல்ல இடமிருக்காம்" என்றார். அண்ணை மறுபக்கத்தில் என்ன சொன்னாரோ, இவர் சளைக்கவில்லை. "டைப் அடிக்கிற வேலை இல்லை அண்ணை. பேனையாலை எழுதுற வேலை."

இப்படியாக அந்தப் படிப்பால் என்ன பலன் என்று ஒரு வருஷமாக நாங்கள் தேடிய பதில், நாங்கள் உலகத்திலேயே அதிகம் பயந்த அறையில் ஒரு கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு இருந்தது. இவருக்கு அந்தப் படிப்பின் மேல் இருந்த பயம் அதோடு போய்விட்டது. எனக்கு அங்கேதான் புதிதாகத் தொடங்கியது.

கடன் எடுத்தாவது படித்து, பட்டம் வாங்கி, என் மகள் அந்த மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தால்? வாசலில் காற்றுக்குள் நிற்பவர்கள் ஒவ்வொருவராக அவள் முன்னால் வந்து இருந்தால்? சாப்பாட்டு மண்டபத்தில் பிள்ளைகளின் தட்டைத் துடைக்கும்போதும் இதே நினைவு. சிறீயிடம் என்ன படித்தாய் என்று கேட்டவனும் ஒரு தாயின் பிள்ளைதான். அவனையும் யாரோ நல்ல உத்தியோகம் என்று மகிழ்ந்து அனுப்பியிருப்பார்கள்.

பதில் அனுப்ப வேண்டிய கடைசி நாளுக்கு முதல்நாள் பின்னேரம், தர்சினி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். நான் கேட்டேன்.

"நீ அந்தக் கதிரையிலை இருந்தால், அப்பா மாதிரி ஒருத்தர் வந்து பொய் சொன்னால் என்ன எழுதுவாய்?"

"நான் அங்கை போகமாட்டன் எண்டு சொன்னனான்தானே, அம்மா."

"போனால்?"

அவள் உரிப்பதை நிறுத்தினாள். நான் பகிடிக்குக் கேட்கவில்லை என்று அவளுக்கு விளங்கியது. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். தலை ஒரு பக்கம் சரிந்திருந்தது. கோபமும் இல்லை, அவசரமும் இல்லை. முன்னால் இருப்பவர் எதனால் இப்படிக் கேட்கிறார் என்று தேடுகிற பார்வை. அந்தப் பார்வையில் என் முதுகு தானாக நிமிர்ந்தது.

"முதல் பேனையைக் கீழை வைப்பன்" என்றாள் ஆறுதலாக. "பயத்திலை சொல்லுறதும் ஏமாத்தச் சொல்லுறதும் ஒண்டில்லை, அம்மா. அது தெரிஞ்ச ஒராள் அங்கை இருக்கத்தானே வேணும்."

ரெயிலில் மாட்டேன் என்று சொன்னவள் அதையே யோசித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். கவனம் பிள்ளை என்று சொல்ல வாயெடுத்தேன். எதற்குக் கவனம் என்று அவள் திருப்பிக் கேட்பாள் என்பதால் விட்டுவிட்டேன். வெங்காயத்தை வாங்கி நானே வெட்டத் தொடங்கினேன்.

குரோய்டனில் இருந்து முடிவு இன்னும் வரவில்லை. அது வரும்வரை படிப்புக்கு யார் காசு கட்டுவது என்பதும் தெரியாது. ஆனாலும் மறுநாள் காலை தர்சினி பள்ளிக்குப் போகும் அவசரத்தில் உறையை என்னிடம் தந்தாள். உள்ளே அரசியல் விஞ்ஞானத்துக்குச் சம்மதம் என்று எழுதியிருந்தது. அவளே ஒட்டாமல் தந்தாள், நான் பார்க்கட்டும் என்று. வேலைக்குப் போகும் வழியில் தபாற்பெட்டியடியில் நின்று ஒருமுறை வாசித்தேன். இன்னும் ஒருமுறை வாசித்தேன். பிறகு ஒட்டிப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.